தழைச்சத்து குறைவு

அன்று சாவடியில் நான் ஏதோ பேசினேன் என்றுதான் பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். எழுந்து நின்று, கொஞ்சம் பொறுங்கள், மண்ணைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று சொன்னதாகவும், கூச்சலில் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை என்றும் ஒரு நினைவு. என் குரல்கூட அதில் கேட்கும். ஆனால் அங்கே இருந்தவர்களில் ஒருவர்கூட நான் வாய் திறந்ததாகச் சொல்லவில்லை. அப்படியென்றால் நான் சொல்லப்போகும் மற்றவற்றை எவ்வளவு நம்பலாம் என்று எனக்கே தெரியவில்லை. வருடம் எண்பத்திரண்டா, எண்பத்துமூன்றா என்பதிலும் தடுமாற்றம். புரட்டாசி முழுக்க மழை இல்லை. பயிர் பருத்தி. மோட்டார் ரூம் கதவில் தொங்கியது திண்டுக்கல் பூட்டு. இந்த மூன்றும் நிச்சயம்.

என் அக்கா ரெங்கம்மாளைத் திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கரிசல் ஊரில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் புருஷன் இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. அவளுக்கு இரண்டு ஏக்கர் நிலம். வரப்புக்கு அந்தப் பக்கம் அவள் புருஷனின் அண்ணன் மலையாண்டிக்கு மூன்று ஏக்கர். இரண்டுக்கும் பொதுவாக ஒரு கிணறு, ஒரு மோட்டார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் முறை. சாவி மலையாண்டி வீட்டு ஆணியில் தொங்கும். தன் முறை நாளன்று அக்கா போய் எடுத்துக்கொள்வாள்.

மலையாண்டியைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தம்பி செத்த வருடம் அக்காவின் நிலத்தையும் அவர்தான் உழுது விதைத்துக் கொடுத்தார். ஆனால் புதிதாக எது வந்தாலும் ஊரில் முதல் ஆளாக அதை அவர் செய்தாக வேண்டும். ரேடியோவில் விவசாய நிகழ்ச்சி கேட்டு நோட்டில் எழுதிவைப்பார். அந்தத் தை மாதம் இருவரும் வீரிய ஒட்டுச் சோளம் போட்டபோது, களையெடுக்க ஆள் கிடைக்காது என்று மதுரையிலிருந்து களைக்கொல்லி வாங்கிவந்தவரும் அவர்தான். வெள்ளைத் தூள். தண்ணீரில் கரைத்து, விதைத்த மூன்றாம் நாள் ஈர மண்மேல் அடிக்க வேண்டும். பேயாண்டி என்கிற கூலியாள் ஒரே காலையில், ஒரே வாளியில் கரைத்து, இரண்டு நிலத்துக்கும் அடித்தார். அரைப் பாக்கெட் மிஞ்சியது. தன் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், கைக்கு எட்டிவிடும் என்று அதை அக்காவிடம் கொடுத்து அவள் வீட்டுக் கூரையின் இறவாணத்தில் செருகிவைக்கச் சொன்னார் மலையாண்டி.

சோளம் ஆள் உயரம் வந்தது. ஒரு களை இல்லை. அடுத்த ஊரிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

இனி என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதுரையில் தெப்பக்குளம் போகும் ரோட்டில் ஓர் உரக் கம்பெனி வாடகை வீடொன்றில் மண் பரிசோதனைக் கூடம் நடத்தியது. நான் அங்கே உதவியாளன். விவசாயிகள் துணிப்பையில் மண் கொண்டுவந்து கொடுப்பார்கள். நாங்கள் சோதித்து, என்ன உரம் எவ்வளவு போட வேண்டும் என்று அட்டையில் எழுதித் தபாலில் அனுப்புவோம். இலவசம். கரிசலில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், எப்போதும் குறைவாகத்தான் இருக்கும், அதைப் போய் ஒவ்வொரு தடவையும் சோதித்து நேரத்தைக் கெடுக்காதே என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அதற்காக ஒரு ரப்பர் முத்திரை செய்து கொடுத்திருந்தார்கள். 'தழைச்சத்து குறைவு' என்று இருக்கும். அதைக் குத்திவிட்டு, பக்கத்தில் யூரியா இத்தனை கிலோ என்று எழுத வேண்டியதுதான். நான் இருந்த நாலைந்து வருடத்தில் அந்த முத்திரை இரண்டு தடவை தேய்ந்து புதிதாகச் செய்தோம். யூரியா விற்பதும் அதே கம்பெனிதான். இதில் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எல்லாக் கோபமும் பின்னால் மொத்தமாக வந்தது, அப்போது அதனால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

சோளத்துக்கு முன்பே மலையாண்டி தன் மண்ணை என்னிடம் கொண்டுவந்தார். தம்பி பெண்டாட்டியின் தம்பி என்பதால் நான் அவருக்கு மாப்ள; மாப்ள கையால் கார்டு எழுதி வாங்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. முத்திரை குத்தி, மற்றவர்களுக்கு எழுதுவதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே எழுதிக் கொடுத்தேன். சொந்தக்காரர் என்ற பிரியம்தான். அவர் நான் எழுதியதன் மேல் இன்னும் ஒரு பங்கு போட்டார். சோளம் முடிகிறவரை அந்த மூன்று ஏக்கரில் யூரியா மூட்டைகள் காலியாகிக்கொண்டே இருந்தன.

அக்கா அப்படிச் செய்யவில்லை. சோளம் அறுத்த கையோடு கருத்தக்கண்ணன் என்கிற ஆட்டுக் கீதாரியைக் கூட்டிவந்து உரத்துக்காக நிலத்தில் ஆட்டுக்கிடை போட்டாள். நானூறு ஆடுகள் ஆறு நாள் ராத்திரி அங்கே அடைந்தன. இந்தக் காலத்திலும் புழுக்கையை நம்புகிறாளே என்று மலையாண்டி சிரித்தார். ஒரு ராத்திரி நாய்கள் துரத்தி ஆடுகள் பட்டியை உடைத்துக்கொண்டு வரப்பைத் தாண்டி மலையாண்டியின் நிலத்து ஓரத்தில் விடியும்வரை கிடந்தன. காலையில் அவர் அதைப் பெரிய சண்டையாக்கி, கருத்தக்கண்ணனைப் பத்துப் பேர் முன்னால் மன்னிப்புக் கேட்க வைத்தார்.

ஆவணியில் இருவரும் பருத்தி ஊன்றினார்கள்.

மலையாண்டியின் பருத்தி முளைத்தது. இரண்டு இலை விட்டது. மூன்றாவது இலை வரும்போது ஓரம் மஞ்சளாகி, காகிதத்தை அடுப்பில் காட்டியது போலக் கருகியது. பத்து நாளில் கிட்டத்தட்ட மூன்று ஏக்கரும் போய்விட்டது. வரப்புக்கு இந்தப் பக்கம் அக்காவின் பருத்தி பச்சையாக நின்றது. அவர் மறுபடி மண்ணை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தார். இலை மஞ்சளாகிறது என்றால் தழைச்சத்துக் குறை என்று எங்களுக்கெல்லாம் மனப்பாடம். நான் பையை அவிழ்க்கவில்லை. மறுபடியும் முத்திரை, மறுபடியும் யூரியா. அவர் உரத்தைப் போட்டு, மறுபடி ஊன்றினார். அதுவும் கருகியது.

இந்தத் தடவை நான் ஊருக்குப் போய் ஒரு நாற்றைப் பிடுங்கி வந்து நைனா முகமதுவிடம் காட்டினேன். நைனா எங்கள் கூடத்தின் கெமிஸ்ட். என்னைவிட ஐந்து வயது சின்னவன், என்னைவிடப் பத்து மடங்கு படித்தவன். கிண்டல் இல்லாமல் அவனுக்குப் பேச வராது. இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முந்தின பயிருக்கு என்ன அடித்தார்கள் என்று கேட்டான். சொன்னேன். எவ்வளவு யூரியா என்று கேட்டான். அதையும் சொன்னேன்.

"அண்ணே, இது பசி இல்ல, வெசம்," என்றான். "மண்ணுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உசுருக கோடிக்கணக்குல கெடக்கு. அதுகளுக்கும் தழைச்சத்து வேணும். வேற எங்கயும் கெடைக்கலைன்னா இந்தக் களை மருந்தப் பிச்சுத் தின்னும், ஏன்னா மருந்துக்குள்ளயே அந்தச் சத்து இருக்கு. நீங்க மூட்டை மூட்டையாக் கொட்டி விருந்து வச்சுட்டீங்க. விருந்துச் சாப்பாட்ட விட்டுட்டு எவன் மருந்தத் திங்கப் போறான். அது அப்படியே கெடக்கு."

அக்கா நிலத்திலும் அதே மருந்துதானே அடித்தது என்று கேட்டேன். அங்கே யூரியா இல்லை, அதன்மேல் கிடை வேறு போட்டிருக்கிறார்கள் என்றான். புழுக்கையும் மூத்திரமும் மட்கி அந்த உயிர்கள் பெருக இடம் கொடுக்கும், மட்கு மருந்தையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், வேருக்கு அவ்வளவாக விடாது. சுண்ணாம்பு கலந்த கரிசலில் இந்த மருந்து லேசில் போகாது, அங்கே யூரியா விருந்தும் சேர்ந்தால் அடுத்த பயிருக்கும் இருக்கும் என்றான். நிச்சயமா என்று கேட்டேன். சோதித்துப் பார்க்காமல் நிச்சயம் என்று சொல்வது உங்கள் வழக்கம், என் வழக்கம் இல்லை என்றான்.

அந்த வாரமே மலையாண்டி மோட்டார் ரூமுக்குப் புதுப் பூட்டு போட்டார். சாவியை ஆணியில் மாட்டாமல் இடுப்பில் செருகிக்கொண்டார். மிஞ்சிய அரைப் பாக்கெட் மருந்தை அக்காதான் யாரும் பார்க்காத நேரம் தன் நிலத்தில் தூவிவிட்டாள் என்றார். இரண்டு தடவையும் அவள்தான். ஆட்டு விஷயத்தில் போட்ட சண்டைக்குப் பழி வாங்குகிறாள். அவள் நிலத்தில் ஒரு செடி வாடவில்லையே, அது எப்படி.

அக்காவின் பருத்தி அப்போது சப்பை பிடித்திருந்தது. பூவாகப் போகும் மொட்டை அங்கே சப்பை என்பார்கள். அந்த நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் சப்பை கொட்டிவிடும். கரிசல் ஈரம் பிடித்து வைக்கும் என்றாலும், மழை இல்லாத அந்த வருடம் பத்து, பன்னிரண்டு நாளுக்கு மேல் தாங்காது.

சாவடியில் ஊர் கூடியது. நானும் போயிருந்தேன். மலையாண்டி பேச்சில் கெட்டிக்காரர். ஒவ்வொன்றாக வைத்தார். மருந்து யார் வீட்டில் இருந்தது? அக்கா பாக்கெட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள், வாய் மடித்துக் கட்டியபடி. அதில் முதலில் எவ்வளவு இருந்தது என்று பேயாண்டியைக் கேட்டார்கள். அவர் நினைவில்லை என்று தலையைச் சொறிந்தார். அடுத்து, மலையாண்டியின் நிலத்தில் அக்கா வரப்பை ஒட்டி நீளமாக ஒரு பத்திச் செடி மட்டும் பச்சையாக நிற்கிறதே, அது ஏன்? தன் பக்கம் தெறித்துவிடக் கூடாது என்று ஓரத்தை ஒதுக்கித் தூவியிருக்கிறாள். கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். கேட்பதற்கு ரொம்பவும் நியாயமாக இருந்தது.

கடைசியாக அவர் பிளாஸ்டிக் உறையிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்து விரித்தார்.

"இது எம் மாப்ள மண்ணச் சோதிச்சு எழுதுன கார்டு. ரெண்டு தடவையும் இதுல உள்ளபடிதான் போட்டேன். எம் பக்கம் தப்பு எங்க இருக்குன்னு மாப்ளயவே கேளுங்க. அவ கூடப்பொறந்தவருதான. பொய் சொல்லவா போறாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தாள். எனக்குத் தெரிந்திருந்தது. நிரூபணம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம் கார்டு தப்பு என்பது நம் வாயால் வரக்கூடாது என்று மேனேஜர் ஒருமுறை சொன்னதும் நினைவுக்கு வந்தது. அந்த அட்டைகளின் மேல் வயலட் நிறத்தில் என் முத்திரை கொஞ்சம் சாய்ந்து விழுந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எப்போதும் அதிகம் பேசாதவன், அதனால் என் மௌனத்தை யாரும் வித்தியாசமாக எடுத்துக்கொள்ளவில்லை. யோசிக்கிறார் என்று ஒருவர் சொன்னார். அப்புறம் பேச்சு என்னைத் தாண்டிப் போய்விட்டது.

வழக்கப்படி முடிவு சொன்னார்கள். வெள்ளிக்கிழமை ஊர்க் கருப்பு கோவிலில் ரெங்கம்மாள் சூடம் ஏற்றி, நான் செய்யவில்லை என்று சத்தியம் செய்து கையால் அணைக்கட்டும். அணைத்துவிட்டால் சாவி. அதோடு பிரச்சினை முடிந்தது. எல்லோருக்கும் இது சுலபமான வழியாகத் தெரிந்தது. எனக்கும்தான். அவள் செய்துவிடுவாள், தண்ணீர் ஓடும், நான் பேசவே வேண்டியிருக்காது.

அக்கா முடியாது என்றாள்.

"செய்யாததுக்கு நான் எதுக்குச் சூடம் அணைக்கணும்? தண்ணி எனக்குப் பாதி பங்கு. பங்கத் தாங்கன்னு சாமிகிட்டயா போய்க் கேப்பாக. இன்னைக்கு நான் அணைச்சா, நாளைக்கு எங்க எது கருகுனாலும் ரெங்கம்மாளக் கூப்புடு, சூடம் அணைக்கட்டும்பீக."

மடியில் கனம் இருப்பதால்தான் பயப்படுகிறாள் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார். அவள் திரும்பிப் பார்த்து, கனமா இருக்கா இல்லையான்னு நீங்க வந்து தூக்கிப் பாருங்க மாமா என்றாள். கூட்டம் சிரித்தது. ஆனால் சிரித்தவர்கள் யாரும் அவள் பக்கம் நிற்கவில்லை. பூட்டு அப்படியே இருந்தது.

இரண்டு நாள் கழித்து அவள் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தாள். இரண்டு கையிலும் மஞ்சள் பை. அவற்றை நேரே என் மேஜைமேல் வைத்தாள். எழுதி வைத்திருந்த அட்டைகள்மேல் கரிசல் சிந்தியது.

"உனக்கு வாய் கெடையாதுன்னு தெரிஞ்சுபோச்சு. இது அவுக மண்ணு, இது எம் மண்ணு. சோதிச்சு எழுதிக் குடு. எழுதத்தான தெரியும் உனக்கு."

நான் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நைனா உள்ளேயிருந்து வந்து பைகளுக்குள் கைவிட்டுப் பார்த்து, எவ்வளவு ஆழத்தில் எடுத்தது என்று கேட்டான். மேலாகத்தான் சுரண்டினேன் என்றாள். இது உதவாது என்றான். பிறகு அவளுக்குப் புரியும்படி சொன்னான். பருத்தி ஊன்றிய பிறகு யாராவது தூவியிருந்தால் மருந்து மேல் மண்ணில் மட்டும்தான் இருக்கும், ஏனென்றால் மழையும் இல்லை, முளைக்க விட்ட லேசான ஈரத்தைத் தவிர அங்கே பாய்ச்சவும் இல்லை. தை மாதமே அடித்ததென்றால் சோளத்துக்குப் பாய்ச்சிய தண்ணீரோடு கீழே இறங்கியிருக்கும். அதனால் மேல் மண்ணை ஒதுக்கிவிட்டு, ஒரு சாண் ஆழத்து மண் வேண்டும். மூன்று இடத்தில். அவர் நிலத்தின் நடுவில், அந்தப் பச்சைப் பத்தியில், உங்கள் நிலத்தில்.

அக்கா அதே பஸ்ஸில் திரும்பிப் போனாள். பட்டப்பகலில் கடப்பாரையோடு மலையாண்டியின் நிலத்துக்குள் இறங்கித் தோண்டியிருக்கிறாள். அவர் வரப்பில் நின்று கத்தியிருக்கிறார். அவள் மூன்று பைகளையும் கட்டிக்கொண்டு மறுநாள் முதல் பஸ்ஸுக்கு வந்துவிட்டாள். இந்தத் தடவை பைகளை நைனாவிடம் கொடுத்தாள்.

கூடத்தில் அதை வைத்துச் செய்ய முடியாது. காஜிமார் தெருவில் தன் வீட்டு மொட்டை மாடியில் மூன்று டால்டா டப்பாக்களில் மண்ணை நிரப்பி வெள்ளரி விதை போட்டான் நைனா. இந்த மருந்துக்கு வெள்ளரி சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும் என்றான். அவன் அம்மா மரியம் பீவிக்கு விஷயம் தெரியாது. மகன் தோட்டம் போடுகிறான் என்று சந்தோஷப்பட்டு வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றினார். ஏழாம் நாள் ஒரு டப்பாவில் மட்டும் இலை ஓரம் வெளுத்ததைப் பார்த்து, விதைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று திட்டினார். ஒன்பதாம் நாள் அந்த டப்பாவில் இருந்தவை கருகிச் சாய்ந்துவிட்டன. மற்ற இரண்டிலும் வெள்ளரி நிமிர்ந்து நின்றது. அதாவது விஷம் பழையது. மலையாண்டியின் நிலத்திலேயே ஆடு கிடந்த பத்தியில் அது இல்லை.

அந்த ஒன்பது நாளும் நான் தினமும் அலுவலகம் போனேன். முத்திரையும் குத்தினேன். இதை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் அந்த நாட்களில் என்மேல் எனக்கு வந்த ஆத்திரம் எப்படிப்பட்டது என்று சொல்ல வேறு வழி தெரியவில்லை. கை குத்திக்கொண்டே இருக்கும், உள்ளே வேறொருவன் அந்தக் கையை வெட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பான்.

பத்தாம் நாள் டப்பாக்களை மடியில் வைத்துக்கொண்டு திருமங்கலம் பஸ்ஸில் ஏறினேன். வெள்ளரிக்குப் பந்தல் பின்னாடி பஸ்ஸுல வருதாண்ணே என்று கேட்டான் கண்டக்டர்.

நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். மலையாண்டி கருகிய பருத்தியை உழுதுகொண்டிருந்தார். மூன்றாம் தடவை ஊன்றப் போகிறார். வரப்பில் நாலு யூரியா மூட்டைகள், ஒன்று பிரித்தது. பேயாண்டியும் இன்னும் ஐந்தாறு பேரும் இருந்தார்கள். அந்தப் பக்கம் அக்கா தன் நிலத்தில் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள். நெருங்கியபோதுதான் தெரிந்தது, செடிக்கடியில் உதிர்ந்து கிடந்த சப்பைகள். ஏன் பொறுக்குகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. முந்தானை நிறைய வைத்திருந்தாள்.

டப்பாக்களை வரப்பில் வைத்தேன். எந்த மண் எது என்று சொன்னேன். நைனா சொன்னதை எல்லாம் சொன்னேன். மருந்து தை மாதத்தில் அடித்ததுதான், யூரியா அதைக் கரையவிடாமல் காத்து வைத்திருக்கிறது, இன்னும் போட்டால் இன்னும் இருக்கும் என்றேன். ஆடு கிடந்த பத்தியைக் காட்டினேன். மலையாண்டி ஏரை நிறுத்திவிட்டுக் கேட்டார். முகத்தில் கோபம் இல்லை, ஏளனம்தான்.

"அப்ப கார்டுல எதுக்கு மாப்ள அம்புட்டு யூரியா எழுதுன? மண்ணச் சோதிச்சுத்தான எழுதுன?"

"சோதிக்கல மச்சான்."

அவருக்கு அது விளங்கவில்லை. மறுபடி கேட்டார்.

"ரெண்டு தடவையும் நான் பையவே அவுக்கல. அது ரப்பர் முத்திரை. எல்லாருக்கும் அதத்தான் குத்துறோம்."

உழவு மாடுகளை அப்படியே விட்டுவிட்டார். அவர் பக்கத்தில் வந்து என்னை அறைந்தார். பலமான அடி. இடது காதில் அன்றைக்கு முழுக்க இரைச்சல் இருந்தது. எனக்கு அது வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவர் நிறுத்தியிருக்க வேண்டியதில்லை என்றுதான் தோன்றியது.

பிறகு அவர் அந்தப் பச்சைப் பத்திக்குப் போய்க் குந்தி உட்கார்ந்தார். விரலால் மண்ணைக் கிளறினார். காய்ந்த புழுக்கைகள் வந்தன. உள்ளங்கையில் வைத்து நசுக்கினார். எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று தெரியாது. எழுந்தபோது இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அக்கா நின்ற பக்கம் எறிந்தார். அவள் காலடியில் விழுந்தது.

அக்கா அதைக் குனிந்து எடுக்கவில்லை. எடுத்து ஓடிப்போய் மோட்டாரைப் போடுவாள் என்று நினைத்த பேயாண்டி வாய்க்காலைத் திருப்ப மண்வெட்டியோடு நடக்கத் தொடங்கிவிட்டார். அவள் நிற்பதைப் பார்த்து அவரும் நின்றார்.

"பூட்டுனது நீங்க," என்றாள் மலையாண்டியிடம். "நீங்களே வந்து தெறங்க பெரிய மச்சான். நாய்க்கு எறிஞ்சாப்புல எறிஞ்சத நான் எடுக்க மாட்டேன்."

நேரம் போய்க்கிட்டு இருக்கு ரெங்கம்மா, எடுத்துக்க என்றார் பேயாண்டி. தண்ணி இல்லாமப் பதினேழு நாளாப் போகுது, இன்னும் கொஞ்ச நேரம் போனா ஒண்ணும் ஆகாது என்றாள். முந்தானையில் இருந்த சப்பைகளை மலையாண்டி முன்னால் வரப்பில் கொட்டினாள். கொட்டியதும்தான் அவற்றை ஏன் பொறுக்கினாள் என்று எனக்குப் புரிந்தது. மறுபடி சாவடி கூடும்போது கொண்டுபோக வைத்திருக்கிறாள்.

மலையாண்டி வரப்பைத் தாண்டி வந்தார். குனிந்து சாவியை எடுத்தார். மோட்டார் ரூமுக்கு நடந்து போய்ப் பூட்டைத் திறந்து, அவரே மோட்டாரைப் போட்டார். தொட்டியில் தண்ணீர் விழுந்தது. யாரையும் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

அக்கா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திறந்தாள். நான் உதவிக்குப் போனேன். அவள் மண்வெட்டியைக் குறுக்கே நீட்டித் தடுத்தாள்.

"இம்புட்டும் உனக்கு அன்னைக்குச் சாவடியில தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"எம் முகத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தியே, தம்பி."

தண்ணீர் அவள் காலைச் சுற்றிக்கொண்டு செடிக்குப் போயிற்று. நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தேன்.

அந்த வருடம் அக்காவுக்கு வழக்கமாக வருவதில் மூன்றில் ஒரு பங்கு பருத்திதான் வந்தது. மலையாண்டி நிலத்தைத் தரிசாக விட்டார். அடுத்த கோடையில் கருத்தக்கண்ணனைக் கூப்பிட்டுக் கிடை போட்டார். அவரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, அக்காவிடமும் கேட்கவில்லை. தொண்ணூற்றொன்றில் நெஞ்சு வலியில் இறந்தார். கருத்தக்கண்ணனின் ஆடுகள் ஒரு நோயில் பாதி செத்தன. மீதியை விற்றுவிட்டு அவர் திருச்சி ரோட்டில் கொட்டாம்பட்டிப் பக்கம் மகள் வீட்டுக்குப் போனார் என்று கேள்வி. பேயாண்டி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் காவலாளி. நைனா முகமது கம்பெனி தலைமைக்கு முத்திரையைப் பற்றி நாலு பக்கம் எழுதினான். அவனைத் தருமபுரிக்கு மாற்றினார்கள். வேலையை விட்டுவிட்டு சவூதிக்குப் போனான். மரியம் பீவி மூன்று வருடம் முன்பு இறந்தார். நான் வேலையை விட்டேன் என்று சொல்ல ஆசை. விடவில்லை. எண்பத்தாறில் கம்பெனி அந்தக் கூடத்தை மூடும்வரை இருந்தேன். இப்போது வண்டியூரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். அக்கா ஆறு வருடம் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு பேசினாள், ஆனால் அதைப் பற்றிப் பேசியதில்லை. அவள் அந்த இரண்டு ஏக்கரில்தான் இன்னும் வெள்ளாமை செய்கிறாள்.